ஈகை அன்று, பங்கு

அண்மையில் ஓர் இலக்கியக் கருத்தரங்கில் பார்வையாளராக அமர்ந்திருந்தோம். சிறப்புரை ஆற்ற வந்த பெரியவர், வழக்கம்போலக் கணியன் பூங்குன்றனாரின் முதலடியை முழங்கித் தொடங்கினார். அரங்கமும் வழக்கம்போலக் கைதட்டியது. அந்தப் பாடல் முதலடியோடு முடிந்துவிடுவதில்லை. மேலோரைக் கண்டு மலைப்பதும் எளியோரைத் தாழ்வாக எண்ணுவதும் தகாது என்று சொல்லித்தான் அது முடிகிறது. இந்தச் செய்தி அன்றும் எவருக்கும் நினைவு வரவில்லை.

பிற்பகல் உணவின்போது பேச்சு எப்படியோ ஆழ்கடல் கனிமங்களுக்குத் திரும்பியது. அதே பெரியவர் சொன்னார்: "எடுக்கத் தெம்புள்ளவன் எடுக்கிறான். மற்றவனுக்கு அதில் என்ன வேலை? வேண்டுமானால் எடுத்தவன் மனம் இரங்கி ஏதாவது கொடுக்கட்டும்." காலையில் உலகம் முழுவதையும் உறவாக்கிய அதே நாவு, நண்பகலில் அந்த உறவினரை வாசலில் நிற்கும் இரவலர் ஆக்கிவிட்டது. அங்கே நாம் அதிகம் பேசவில்லை. அவையடக்கம் என்று அதற்கு நாமே பெயர் சூட்டிக்கொண்டோம். உண்மையில் அது கோழைத்தனம். அதற்கான கழுவாயாகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

நாம் கூற வருவது இதுதான். எந்த மனிதரும் உண்டாக்காத நிலம், நீர், காற்று, கடலடி, கனிமம் ஆகியவற்றின் மீது பிறந்த ஒவ்வொருவருக்கும், இனிப் பிறக்கவிருக்கும் ஒவ்வொருவருக்கும் அறவழிப்பட்ட ஒரு பங்கு உண்டு. அது உள்ளவர் இல்லாதவருக்கு மனமுவந்து அளிக்கும் ஈகையன்று. கொடுக்க மறுத்தால் "ஏன் மறுத்தாய்?" என்று நிமிர்ந்து கேட்கத்தக்க உரிமை அது.

ஈகைக்கும் உரிமைக்கும் உள்ள இந்த வேறுபாட்டை நமக்குக் கற்பித்தவர் ஒரு மாணவர். புறநானூற்றின் 189ஆம் பாடலை வகுப்பில் நடத்திக்கொண்டிருந்தோம். உலகம் முழுவதையும் தனியொருவனாக ஆள்பவனுக்கும், இரவும் பகலும் உறங்காது விலங்கு தேடி அலையும் கல்லாத வேடனுக்கும் உண்ணும் அளவும் உடுக்கும் அளவும் ஒன்றே என்றும், ஆகவே செல்வத்தைப் பிறருக்கு அளிப்பதே அதனால் பெறும் பயன் என்றும் நக்கீரனார் சொல்வதை விரித்துரைத்தோம். கடலோரச் சிற்றூரிலிருந்து வரும் ஒரு மாணவர் எழுந்தார். "ஐயா, அரசன் கொடுக்க வேண்டும் என்கிறார் புலவர், சரி. அந்த உலகம் அவனுக்கு மட்டும் உரியதாக எப்படி ஆனது என்று ஏன் கேட்கவில்லை?" என்றார். இருபது ஆண்டுகளாக அந்தப் பாடலை நடத்தி வந்திருக்கிறோம். அந்தக் கேள்வி நமக்குத் தோன்றியதே இல்லை.

தோன்றாததற்குக் காரணம் உண்டு. நம் பழம்பாடல்களில் வேந்தனைப் புகழும் முறைகளுள் ஒன்று, இந்த நிலம் பிறருக்கும் பொது என்னும் பேச்சைக் கேட்கவே பொறாதவன் அவன் என்பது. பொதுமையைப் பொறுக்காததே வீரம். அப்படிப் பொறுக்காமல் கவர்ந்துகொண்டதில் ஒரு பகுதியைப் பாணர்க்கும் புலவர்க்கும் வழங்குவது கொடை. வீரமும் கொடையும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்களாக நின்றன. இதைச் சொல்வதனால் சங்க இலக்கியத்தின் பெருமை குறைந்துவிடாது. அதனுள்ளேயே நின்று கேள்வி கேட்கும் துணிவு நமக்கு வேண்டும் என்பதே நாம் வலியுறுத்துவது.

இன்னொரு சொல்லையும் பாருங்கள். நிலவரிக் கணக்கில் வரி விதிப்புக்குப் புறம்பாக வைக்கப்பட்ட நிலத்திற்குப் புறம்போக்கு என்று பெயர். மேய்ச்சல் வெளியும் ஏரியும் ஓடையும் வண்டிப்பாதையும் சுடுகாடும் அதில் அடங்கும். ஊரில் எவருக்கும் தனித்து உரியதல்லாத, ஆகவே எல்லாருக்கும் உரிய நிலம். இன்று அச்சொல்லை நாம் எதற்குப் பயன்படுத்துகிறோம்? உருப்படாத மனிதனைத் திட்டுவதற்கு. பொதுவானது எதுவோ அது மதிப்பற்றது என்று ஒரு சமூகம் எண்ணத் தொடங்கிவிட்டால், அதன் வசைமொழியே அதற்குச் சாட்சி சொல்லும்.

இனி, பெரியவர் பேசிய கடலடிக்கு வருவோம். உலகத்தின் வளங்கள் யாருக்கு உரியவை என்ற கேள்வி வெறும் தத்துவ விளையாட்டாக நில்லாமல் சட்டமாகவே எழுதப்பட்ட ஓர் இடம் அது.

1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிய சேலஞ்சர் என்னும் பிரித்தானியக் கப்பல், ஆழ்கடல் தரையிலிருந்து உருளைக்கிழங்கு போன்ற கரிய உருண்டைகளை அள்ளி வந்தது. மாங்கனீசு, நிக்கல், செம்பு, கோபால்ட் ஆகிய உலோகங்கள் செறிந்தவை அவை. ஒரு சுறாப்பல்லையோ சிறு கல்துணுக்கையோ கருவாகக் கொண்டு, பத்து இலட்சம் ஆண்டுகளுக்குச் சில மில்லிமீட்டர் என்ற கணக்கில் வளர்பவை. ஹவாய்க்கும் மெக்சிகோவுக்கும் இடையே, 4000 முதல் 6000 மீட்டர் வரை ஆழமுள்ள கடற்பரப்பில் அவை பெருமளவில் கிடக்கின்றன.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு அவற்றை அள்ளும் தொழில்நுட்பம் கைக்கெட்டும் என்ற நிலை வந்தபோது, ஒரு சின்னஞ்சிறு நாடு எழுந்து நின்றது. 1964இல்தான் விடுதலை பெற்ற மால்ட்டாவின் தூதர் ஆர்விட் பார்டோ, 1967 நவம்பர் 1 அன்று ஐக்கிய நாடுகள் அவையில் நீண்டதோர் உரை நிகழ்த்தினார். நாடுகளின் எல்லைக்கு அப்பாற்பட்ட கடலடி மனிதகுலம் முழுவதற்கும் உரிய பொது மரபுச்செல்வமாக அறிவிக்கப்பட வேண்டும். இல்லையேல் தொழில்நுட்பம் கைவரப்பெற்ற சில நாடுகள் அதைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்ளும் என்பது அவர் வாதம். அங்கே கிடைக்கும் செல்வத்தைப் பற்றி அவர் தந்த மதிப்பீடுகள் மிகையானவை என்பது பின்னர்த் தெரியவந்தது. ஆனால் அறம் செல்வத்தின் அளவைப் பொறுத்ததன்று.

1970 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை அக்கொள்கையை ஏற்றது. ஆதரவு 108, எதிர்ப்பு இல்லை, வாக்களிக்காமல் ஒதுங்கியவை 14 நாடுகள். 1982இல் உருவான கடற்சட்ட உடன்படிக்கை அதைச் சட்டமொழியில் எழுதியது. அந்தக் கடலடியின்மீது எந்த நாடும் இறைமை கோர முடியாது. எந்த நாடும் எந்த நிறுவனமும் அதைத் தனதாக்கிக்கொள்ள முடியாது. அங்கு நடக்கும் செயல்கள் மனிதகுலம் முழுவதன் நன்மைக்காகவே நடைபெற வேண்டும். கடற்கரையே இல்லாத நேபாளத்துக்கும் சாடுக்கும்கூட அதில் பங்கு உண்டு. மனித வரலாற்றில் இத்தகைய வாசகங்கள் சட்டமானது மிக அரிய நிகழ்ச்சி.

அதன் பிறகு நடந்ததே நாம் கவலையோடு எண்ணிப்பார்க்க வேண்டியது. உடன்படிக்கையை எதிர்த்து வாக்களித்த நான்கு நாடுகளுள் அமெரிக்கா ஒன்று. இன்றளவும் அது உடன்படிக்கையில் சேரவில்லை. பணக்கார நாடுகளை உள்ளே கொண்டுவருவதற்காக 1994இல் ஒரு துணை ஒப்பந்தம் செய்யப்பட்டது. ஏழை நாடுகளுக்குத் தொழில்நுட்பத்தைக் கட்டாயமாகப் பகிர வேண்டும் என்ற விதியும், உற்பத்திக்கு வரம்பு கட்டிய விதியும் அதில் கைவிடப்பட்டன. 2025 ஏப்ரலில் அமெரிக்க அதிபர் டிரம்ப், நாட்டெல்லைக்கு அப்பாற்பட்ட கடலடியிலும் கனிமம் எடுப்பதற்கான உரிமங்களை விரைவுபடுத்த ஆணையிட்டார். 1980ஆம் ஆண்டின் உள்நாட்டுச் சட்டம் ஒன்றே அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது. ஆணை வந்த சில நாள்களிலேயே கனடா நாட்டு நிறுவனம் ஒன்றின் அமெரிக்கக் கிளை விண்ணப்பித்தும் விட்டது. ஊர்ப் பொதுக்குளத்தில் மீன் பிடிப்பதற்கு ஒருவர் தம் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து தாமே அனுமதிச்சீட்டு எழுதிக்கொண்டதற்கு ஒப்பானது இது.

இதற்குச் சொல்லப்படும் நியாயங்கள் மூன்று. மூன்றும் நம் பெரியவரின் வாயிலும் வந்தவையே.

முதலாவது, உழைப்பவனுக்கே பொருள் என்பது. இதற்குத் தத்துவப் பின்புலம் தருபவர் ஆங்கிலேயரான ஜான் லாக். உலகம் முதலில் எல்லாருக்கும் பொதுவாகத் தரப்பட்டது. அதனோடு தன் உழைப்பைக் கலப்பவன் அதைத் தனதாக்கிக்கொள்கிறான் என்பது அவர் கொள்கை. ஆனால் அதனோடு ஒரு நிபந்தனையையும் அவரே வைத்தார்: பிறருக்கும் போதிய அளவும், அதே தரமும் எஞ்சியிருக்க வேண்டும். லாக்கின் பெயரைச் சொல்வோர் நிபந்தனையை விட்டுவிட்டு முன்பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். பத்து இலட்சம் ஆண்டுகளில் சில மில்லிமீட்டர் வளரும் ஒன்றை அள்ளிவிட்டு, பிறருக்கு எஞ்சியிருக்கிறது என்று எப்படிச் சொல்வது? ஏரியிலிருந்து ஏற்றம் இறைப்பவனுக்கு இறைத்த உழைப்பின் பலன் உரியது. அதனால் ஏரி அவனுடையது ஆகிவிடுவதில்லை. 1797இல் தாமஸ் பெய்ன் இதைத் தெளிவாகவே வகுத்தார். நிலத்தைத் திருத்தியதால் வந்த மதிப்பு திருத்தியவனுக்கு. திருத்தப்படாத நிலம் எல்லாருக்கும் பொதுவாதலால், அதை வளைத்து வைத்திருப்பவன் சமூகத்துக்கு நிலவாடகை கடன்பட்டவன். அந்த வாடகையிலிருந்து 21 வயது அடைந்த ஒவ்வொருவருக்கும் ஒரு தொகையும், 50 வயதைக் கடந்தோர்க்கு ஆண்டுதோறும் ஒரு தொகையும் தர வேண்டும் என்றார். இது தருமம் அன்று, உரிமை என்பதையும் அவர் வற்புறுத்தினார். இதெல்லாம் கனவு என்போர் அலாஸ்காவைப் பார்க்கலாம். எண்ணெய் வருவாயில் ஒரு பகுதியை நிதியமாக ஒதுக்க 1976இல் அங்கே அரசியலமைப்பு திருத்தப்பட்டது. 1982 முதல் அம்மாநிலத்தில் வாழ்வோர்க்கு, குழந்தைகள் உட்பட, ஆண்டுதோறும் பங்குத்தொகை வழங்கப்படுகிறது. எவரும் அதைப் பிச்சை என்று சொல்வதில்லை.

இரண்டாவது நியாயம், பொதுவானது பாழாகும் என்பது. 1968இல் காரெட் ஹார்டின் எழுதிய கட்டுரை இதற்கு வேதமாகிவிட்டது. பொது மேய்ச்சல் நிலத்தில் ஒவ்வொருவரும் ஒரு மாடு கூடுதலாக ஓட்டுவார்கள், முடிவில் நிலம் அழியும் என்றார் அவர். எலினார் ஆஸ்ட்ரம் உலகெங்கும் உள்ள பொது நிலங்களையும் பாசன அமைப்புகளையும் மீன்பிடித் துறைகளையும் ஆராய்ந்து, பயன்படுத்துவோரே விதி வகுத்து, அவர்களே கண்காணித்து, நெடுங்காலம் காத்துவந்திருக்கிறார்கள் என்று 1990இல் வெளிவந்த நூலில் காட்டினார். 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசும் பெற்றார். நம் ஏரிகளைக் காத்த குடிமராமத்தை அறிந்த நமக்கு இது புதுச்செய்தியன்று.

ஆனால் இவ்விடத்தில் பழம்பெருமை பேசி நழுவிவிட நமக்கு உரிமையில்லை. அந்த ஏரி யாருக்குப் பொதுவாக இருந்தது? சேரியில் வாழ்ந்தவர் ஊர்ப் பொதுக்கிணற்றில் நீர் இறைக்க முடிந்ததா? பொதுக் குளங்களை அனைவருக்கும் திறந்துவிட வேண்டும் என்று பம்பாய்ச் சட்டமன்றம் 1923இல் தீர்மானித்த பிறகும், 1927 மார்ச்சில் மகாடு நகரின் சவதார் குளத்தில் அம்பேத்கரும் அவரோடு சென்றோரும் நீரை அள்ளிக் குடித்தபோது அவர்கள் தாக்கப்பட்டார்கள். அவ்வழக்கு முடிய 1937 ஆயிற்று. அன்று எவரேனும் குடம் குடமாக நீர் மொண்டு அவர்கள் தெருவுக்கே கொண்டுபோய் ஊற்றியிருந்தால் சிக்கல் தீர்ந்திருக்குமா? தீர்ந்திராது. ஊற்றப்படும் நீர் ஈகை; குளத்தில் இறங்கும் கால் உரிமை. பொது என்ற சொல்லால் மட்டும் நீதி வந்துவிடாது. அந்தப் பொதுவுக்குள் யார் யார் என்று எண்ணிச் சொன்னால்தான் வரும். எல்லாரும் என்று நாம் எழுதும்போது அச்சொல்லை முழுப்பொருளில் எழுதுகிறோம்.

மூன்றாவது நியாயமே கடினமானது. அதை எளிதாகத் தள்ள நாம் விரும்பவில்லை. நம் மண்ணின் வளம் நமக்கே, உலகத்துக்குப் பங்கு என்பது வல்லரசுகள் உள்ளே நுழையப் போடும் வேடம் என்பது அது. குடியேற்ற ஆட்சியில் நசுங்கிய நாடுகளுக்கு இந்த அச்சம் நியாயமானதே. தம் இயற்கை வளங்களின் மீது மக்களுக்கு நிலையான இறைமை உண்டு என்று 1962இல் ஐ.நா. பொதுச்சபை தீர்மானம் இயற்றியது இந்த அச்சத்தின் விளைவே.

நவுரு என்னும் தீவை எடுத்துக்கொள்வோம். பரப்பளவு 21 சதுர கிலோமீட்டர் மட்டுமே. அதன் பாஸ்பேட் மண், முதல் உலகப்போருக்குப் பின் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய மூன்று நாடுகளின் ஆணையம் ஒன்றின் கைக்குப் போனது. ஆஸ்திரேலியாவின், நியூசிலாந்தின் வயல்களுக்கு அது உரமாயிற்று. தீவின் பெரும்பகுதி தோண்டப்பட்டு, சுண்ணாம்புப் பாறைத் தூண்கள் மட்டும் எலும்புக்கூடுபோல் நிற்கின்றன. 1968இல் விடுதலை பெற்ற நவுரு, 1989இல் பன்னாட்டு நீதிமன்றத்தில் ஆஸ்திரேலியாமீது வழக்குத் தொடுத்தது. 1993இல் ஆஸ்திரேலியா 10 கோடி டாலருக்கு மேல் தர இசைந்து சமரசம் செய்துகொண்டது. "நம் வளம் நமக்கே" என்று நவுருவாசி சொன்னால், அவருக்கு எதிரே நின்று உலகப் பொதுமை பேச நமக்கு நா எழாது.

அதே நவுரு 2021 ஜூனில் என்ன செய்தது? மேலே சொன்ன கனடா நிறுவனத்தின் துணை நிறுவனம் ஒன்றுக்கு ஆதரவு நாடாக நின்று, கடலடிச் சுரங்கத்துக்கான விதிகளை இரண்டே ஆண்டுகளில் முடித்துத் தர வேண்டும் என்று பன்னாட்டுக் கடலடி ஆணையத்துக்குக் கெடு விதித்தது. தன் வளத்தைப் பறிகொடுத்த நாடு, எல்லாருடைய வளத்தையும் அள்ள வந்த நிறுவனத்துக்கு வாசற்கதவாக ஆனது. நவுருவை நாம் பழிக்கவில்லை. தோண்டி முடிக்கப்பட்ட தீவில் பிழைக்க வேறு வழி என்ன என்று அவர்கள் கேட்டால் நம்மிடம் விடை இல்லை. இதிலிருந்து நாம் கற்பது வேறு. நாட்டின் இறைமை கொள்ளைக்காரனைத் தடுக்கும் வேலி, அது அவசியம். ஆனால் வேலி போட்டதனாலேயே உள்ளே கிடப்பது வேலி போட்டவர் படைத்த பொருளாகிவிடாது. எண்ணெய்க் கிணற்றின்மேல் பிறந்தவர் அதற்காக எந்தத் தவமும் செய்யவில்லை; வறண்ட பாலையில் பிறந்தவர் எந்தப் பாவமும் செய்யவில்லை. வலியவனுக்கு எதிராக இறைமையைப் பேசும் நாடு, தன்னைவிட எளியவனுக்கு எதிராகவும் அதையே பேசினால், அது தன் வாதத்தைத் தானே தோற்கடிக்கிறது.

இந்தக் குற்றச்சாட்டிலிருந்து நம் நாட்டையும் விலக்கிவிட முடியாது. இதே 1982 உடன்படிக்கை, கரையிலிருந்து 200 கடல் மைல்வரை உள்ள வளங்களைக் கரையோர நாடுகளுக்கே அளித்தது. உலகக் கடற்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இவ்வாறு வேலிக்குள் வந்தது. மீன்வளத்திலும் எண்ணெயிலும் பெரும்பகுதி அங்கேதான் இருந்தது. பணக்கார நாடுகளோடு நம்மைப் போன்ற நாடுகளும் அதற்கு உவந்தே இசைந்தன. எஞ்சியிருந்த கரிய உருண்டைகளுக்குத்தான் மனிதகுலத்தின் மரபுச்செல்வம் என்ற அழகிய பெயர் கிடைத்தது. அதிலும் நடு இந்தியப் பெருங்கடலில் 75,000 சதுர கிலோமீட்டரில் உருண்டைகளை ஆய்ந்தறியும் ஒப்பந்தம் 2002 முதல் இந்தியாவிடம் இருக்கிறது. அதற்கான பொறிகளை உருவாக்குவது நம் சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனமே. ஆகவே இது பசிபிக் கடலில் யாரோ செய்யும் தவறு என்று கைகழுவிவிட முடியாது.

இங்கே வாசகர் ஒரு கேள்வி கேட்கலாம். எல்லாருக்கும் பங்கு என்றால், எல்லாருக்குமாகத் தோண்டிப் பகிர்ந்துகொள்ளலாம் என்றுதானே பொருள்? நிறுவனங்களும் இன்று இந்த மொழியில்தான் பேசுகின்றன. மின்கல வண்டிகளுக்காக, பூமியின் நலனுக்காகத் தோண்டுகிறோம் என்கின்றன. நாம் மறுக்கிறோம். பங்காளிகளுள் பெரும்பான்மையோர் இன்னும் பிறக்கவில்லை. அவர்களைக் கேட்காமல் பாகப்பிரிவினை செய்ய முடியாது. பசிபிக் கடலடியில் 1979இல் சோதனையாக ஓட்டப்பட்ட ஒரு பொறியின் தடம், நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் மறையாமல் அப்படியே கிடப்பதை அறிவியலாளர் கண்டிருக்கிறார்கள். ஒரு சோதனைக்கே இந்த வடு என்றால், சுரங்கத்துக்கு என்னவாகும்? கூட்டுக் குடும்பத்தில் மூத்தவன் ஒருவன் பூர்வீகச் சொத்தை விற்றுவிட்டு, "எல்லாருக்கும் பங்கு கொடுத்துவிட்டேன்" என்றால், தொட்டிலில் கிடக்கும் பிள்ளையின் பங்கு எங்கே என்று யாராவது கேட்கத்தானே வேண்டும்? பங்கு என்பது பணமாகக் கைக்கு வருவது மட்டுமன்று. வேண்டாம் என்று சொல்லும் அதிகாரமும் பங்கில் அடக்கம். பன்னாட்டுக் கடலடி ஆணையம் 2025 ஜூலைக் கூட்டம்வரை சுரங்க விதித்தொகுப்பை நிறைவேற்றாமல் இருப்பதைச் சிலர் செயலின்மை என்று ஏசுகிறார்கள். பல நாடுகள் இப்போதைக்கு நிறுத்திவைப்போம் என்று கோருவதன் விளைவும் அது. பங்காளிகள் வாய் திறந்திருக்கிறார்கள் என்றே நாம் கருதுகிறோம்.

ஈகைக்கும் பங்குக்கும் உள்ள வேறுபாட்டால் நடைமுறையில் என்ன ஆகிவிடும் என்று கேட்போர் உண்டு. நிறைய ஆகும். ஈகையில் அளவைக் கொடுப்பவன் முடிவு செய்வான். பங்கில் கணக்கு காட்டியாக வேண்டும். ஈகையைப் பெற்றவன் நன்றி சொல்ல வேண்டும். பங்கைப் பெற்றவன் கையொப்பமிட்டால் போதும். ஈகை நாளை நின்றுபோகலாம். பங்கு நின்றால் வழக்கு உண்டு. வளரும் நாடுகளுக்கான உதவி என்று ஆண்டுதோறும் பேசப்படும் தொகைகள் எப்போதும் சுருங்கிக்கொண்டும், இழுபட்டுக்கொண்டும், நிபந்தனைகளோடும் இருப்பதன் காரணம், அவை முதல்வகைக் கணக்கில் எழுதப்பட்டிருப்பதே.

அறவழிப்பட்ட உரிமையைச் செயல்படுத்த உலகக் காவலன் யார் இருக்கிறான் என்று நம் பெரியவர் கேட்டார். இன்று எவனும் இல்லை என்பது உண்மைதான். சவதார் குளத்திலும் அன்று எந்தக் காவலனும் இருக்கவில்லை. காவலன் இல்லாததனால் உரிமை இல்லாமல் போய்விடாது. உரிமை உண்டு என்று முதலில் சிலர் நம்பியதனால்தான், பின்னர் ஒருநாள் நீதிமன்றமும் அதை ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

அந்த மாணவருக்கு அன்று விடை சொல்லாமல், பாடவேளை முடிந்தது என்று சொல்லி வெளியேறினோம். மறுவாரம் அதே பாடலை மறுபடி எடுத்தோம். அரசன் கொடுக்கத்தான் வேண்டும், ஏனெனில் அது முழுவதும் அவனுடையதன்று என்று சொன்னோம். நக்கீரனார் அப்படிச் சொல்லவில்லையே ஐயா என்றார் அவர். சொல்லவில்லைதான், நாம் சொல்ல வேண்டியிருக்கிறது என்றோம். தேர்வில் அப்படி எழுதினால் மதிப்பெண் கிடைக்குமா என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். நம்மிடம் வரும் விடைத்தாளாக இருந்தால் கிடைக்கும் என்று உறுதி கூறியிருக்கிறோம்.